பத்துகிற விளக்கும் எரிகிற விளக்கும்

2024 டிசம்பர் கடைசியில் என் தங்கை மகளும் மாப்பிள்ளையும் கொழும்பிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணத்துக் கொக்குவில். வேலையும் குடித்தனமும் வெள்ளவத்தையில். மியூசிக் அகாடமியில் காலைச் செயல்விளக்கத்தைக் கேட்டுவிட்டு, பெசன்ட் நகரில் ஒரு உறவுக்காரர் வீட்டுச் சாப்பாட்டுக்குக் கிளம்பினோம். மந்தைவெளி தாண்டி, திரு.வி.க. பாலத்தில் ஏறுகிறபோது என் காரின் மீட்டர் போர்டில் சிவப்பாக ஒரு விளக்கு வந்தது. எதிரே பஸ் வந்துகொண்டிருந்ததால் நான் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த மாப்பிள்ளைதான் பார்த்தார்.

"மாமா, பற்றரி லைற் பத்துது."

பாலம் இறங்குவதற்குள் ஸ்டீயரிங் படம் போட்ட மஞ்சள் விளக்கும் சேர்ந்துகொண்டது. எல்.பி. சாலை ஓரமாக நிறுத்தினேன். நடைபாதையில் டூல் பாக்ஸோடு இருந்த ஒருவர் தானாகவே வந்து பானெட்டைத் திறக்கச் சொன்னார். என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைச் சட்டென்று கழற்றினார். கழற்றினதும் என்ஜின் நின்றால் டைனமோ போச்சு, நிற்காமல் ஓடினால் டைனமோ நன்றாக இருக்கிறது என்பது அவர் கணக்கு. மாப்பிள்ளை காரை விட்டு இறங்கியே விட்டார். "ஐயையோ, கழட்டாதேங்கோ!" என்று கத்தினார். என்ஜின் இரண்டு முறை குலுங்கி நின்றது.

அப்புறம் அவர் என்னிடம் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "குறை நினைக்காதேங்கோ மாமா. இங்க இன்னும் வயரைக் கழட்டியும் காதை வச்சும்தான் பாக்கினம். எங்கட பக்கம் மெஷின் போட்டுப் பாக்காமல் ஒரு நட்டையும் தொடமாட்டினம்."

அவர் பண்பானவர், வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. நாற்பது வருஷமாக இந்த ஊரில் வண்டி ஓட்டுகிறவன் நான். பிரீமியர் பத்மினியில் பழகி, மாருதி 800ல் பாதி ஆயுளைக் கழித்து, இப்போது ஒரு பழைய ஐ10 வைத்திருக்கிறேன். இங்கே இருங்காட்டுக்கோட்டையில் செய்த கார் அது. சென்னையின் எலக்ட்ரீஷியன்களை ஒரு நடைபாதை ஆளை வைத்து எடை போட விடக்கூடாது என்று எனக்குத் தோன்றியது.

முதலில் அந்த ஒயர் விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மாப்பிள்ளை கத்தினது நியாயம். அம்பாசடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் காருக்குள் கெட்டுப்போக கம்ப்யூட்டர் கிடையாது. ஒயரைக் கழற்றிப் பார்த்தால் பெரிய நஷ்டம் ஒன்றும் வராது. இன்றைய காரில் டைனமோ வேலையைச் செய்கிற ஆல்டர்நேட்டர் முழு வேகத்தில் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைத் துண்டித்தால், அந்த மின்சாரம் போக இடம் இல்லாமல் கண் இமைக்கும் நேரத்துக்கு எண்பது, நூறு வோல்ட் வரைகூட எகிறும். பதினான்கு வோல்ட்டுக்குப் பழகிய ஈசியூ என்கிற கம்ப்யூட்டரும் மீட்டர் போர்டும் அதில் கருகிப்போகலாம். என் கார் தப்பியது அதிர்ஷ்டம். சென்னையில் இந்தப் பழக்கம் இன்னும் சில இடங்களில் மிச்சம் இருக்கிறது. அது ஒழிய வேண்டும்.

ஆனால் காதை வைத்துப் பார்ப்பதைப் பற்றிச் சொன்னாரே, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஏசியை அணைத்துவிட்டு, பேட்டரியில் இருந்த மிச்ச உயிரிலேயே வண்டியை ராயப்பேட்டைக்குத் திருப்பினேன். அங்கே ஒரு சந்துக்குள் இருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம்தான் மாருதி நாளிலிருந்து போகிறேன். வயது அறுபதுக்கு மேல். எல்லோருக்கும் அவர் பாய். பானெட்டைத் திறந்ததும் அவர் பேட்டரி ஒயரைத் தொடவில்லை. பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். மல்டிமீட்டரை வைத்தார். என்ஜின் ஓடும்போதே 12.0 காட்டியது. பதினான்கு பக்கத்தில் காட்ட வேண்டிய இடம் அது. பிறகு நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஆல்டர்நேட்டர் மேல் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்து அரை நிமிஷம் நின்றார். அதன்பின் ஸ்பேனரைத் திருப்பிப் பிடித்து, ஆல்டர்நேட்டரின் பின்பக்கத்தில் லேசாக இரண்டு தட்டு தட்டினார்.

உள்ளே உட்கார்ந்து மீட்டர் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை, "நூந்திட்டுது! மாமா, லைற் நூந்திட்டுது!" என்றார்.

"பிரஷ் தேஞ்சிருக்கு சார். தட்டினா ஒட்டுது, மேடு பள்ளத்துல விட்டுடுது. பேரிங்கும் கத்துது. கழட்டிடவா?" என்று கேட்டார் பாய்.

கழற்றினபோது அவர் சொன்னபடியே இருந்தது. கார்பன் பிரஷ் இரண்டும் நகக்கண் அளவுக்குத் தேய்ந்திருந்தன. அவை உரசுகிற வளையத்தில் பள்ளம் விழுந்திருந்தது. வளையத்தைத் தேய்த்துச் சமப்படுத்தி, புது பிரஷ்ஷை சால்டர் வைத்து, பேரிங் மாற்றி மாட்டினபோது 14.1 காட்டியது. இரண்டு மணி நேரம், 1,400 ரூபாய். இதே ஆல்டர்நேட்டரைப் புதிதாக வாங்கினால் பத்தாயிரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

இதில் இன்னொன்றும் நடந்தது. பாயின் மகன் உள்ளேயிருந்து ஒரு ஸ்கேனரை எடுத்துவந்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகி, பதிவாகியிருந்த கோளாறு எண்ணை அழித்தான். மெஷின் அங்கேயும் இருந்தது. முதலில் எடுக்க வேண்டிய அவசியம் வரவில்லை, அவ்வளவுதான். மாப்பிள்ளை அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சிவப்பு விளக்கு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், காதும் கையும் ஏன் வேண்டும் என்பது தானாகவே விளங்கும். பழைய அமைப்பில் அந்தக் குமிழின் ஒரு முனை சாவி வழியாகப் பேட்டரிக்குப் போகிறது, மறுமுனை ஆல்டர்நேட்டருக்கு. என்ஜின் ஓடி ஆல்டர்நேட்டரும் பேட்டரி அளவுக்கு வோல்ட் கொடுக்க ஆரம்பித்ததும் இரண்டு முனையும் சமமாகிவிடும். ஒரே மட்டத்தில் தண்ணீர் நிற்கிற இரண்டு தொட்டிகளை இணைத்த குழாயில் நீர் ஓடாது இல்லையா, அதுபோல விளக்கில் மின்சாரம் ஓடாமல் அணைந்துவிடும். ஆகவே விளக்கு எரிந்தால், சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். பெல்ட் அறுந்ததா, பிரஷ் தேய்ந்ததா, ரெகுலேட்டர் போனதா, ஒயர் கழன்றதா என்பதை விளக்கு சொல்லாது. மங்கலாக எரிந்தால் உள்ளே டயோடு ஒன்று போயிருக்கலாம் என்று பாய் சந்தேகப்படுவார். ஸ்கேனர் காட்டுகிற பி0562 என்ற எண்ணுக்கும் அர்த்தம் 'வோல்ட் குறைவு' என்பதுதான். விளக்கு சொன்னதையே அது ஆங்கிலத்தில் திரும்பச் சொல்கிறது.

இன்னொரு நுணுக்கம். பல ஆல்டர்நேட்டர்களில், ஸ்டார்ட் ஆன புதிதில் உள்ளே காந்தத்தை எழுப்பிவிடுவதே இந்தக் குமிழ் வழியாகப் போகிற சின்ன மின்சாரம்தான். குமிழ் ஃபியூஸ் ஆனால் சில வண்டிகளில் சார்ஜே தொடங்காது. அதனால்தான் ஸ்டார்ட் செய்யும் முன் சாவியை ஆனில் வைத்ததும் எல்லா விளக்கும் ஒருமுறை எரிகிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். அப்போது எரியாத விளக்கும் எச்சரிக்கைதான்.

ஸ்டீயரிங் விளக்கு ஏன் சேர்ந்து எரிந்தது என்று மாப்பிள்ளை கேட்டார். ஐ10ல் பவர் ஸ்டீயரிங்குக்கு மோட்டார் உண்டு. வோல்ட் இறங்கினால் முதலில் முனகுவது அதுதான். ஏபிஎஸ் இருக்கிற வண்டியில் அந்த விளக்கும் எரியும். ஒரே கோளாறுக்கு மூன்று விளக்கு எரிவதைப் பார்த்து, மூன்று பாகத்தையும் மாற்றிக்கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

பாய் போன்றவர்கள் சென்னையில் எப்படி உருவானார்கள்? இந்த ஊர் மின்சாதனத்தை விற்பதோடு நிற்காமல் செய்கிற ஊராகவும் இருந்தது. பாடியில் லூக்காஸ் டிவிஎஸ் 1961ல் உருவானது. டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் அங்கே செய்யப்பட்டன. இன்றும் அந்தப் பக்கம் 'லூக்காஸ்' என்பது ஒரு பஸ் ஸ்டாப்பின் பெயர். அதே 1961லிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் மெட்ராஸில் செய்யப்பட்டது. 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ. ஒரு சாமான் எங்கே செய்யப்படுகிறதோ, அங்கே அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்களும் பெருகுவார்கள். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் பிரஷ் தனியாக, டயோடு பிளேட் தனியாக, பேரிங் தனியாகக் கிடைக்கும். அங்கே கிடைக்காதது புதுப்பேட்டையில் கிடைக்கும். கழித்த வண்டிகளின் உடம்பெல்லாம் வந்து சேருகிற இடம் அது. காயில் எரிந்துபோன பழைய டைனமோவுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுக்கிற கைகளும் அந்த வட்டாரத்தில்தான் இருந்தன. ஆல்டர்நேட்டரை இன்றும் பாய் 'டைனமோ' என்றுதான் சொல்கிறார்.

2015 டிசம்பரில் அடையாறு ஊருக்குள் வந்தபோது கோட்டூர்புரத்திலும் ஜாபர்கான்பேட்டையிலும் கார்கள் கூரை வரை மூழ்கின. ஆல்டர்நேட்டருக்குள் சேறு. பாய் அப்போது கடை வாசலில் வரிசையாக அவற்றைப் பிரித்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, வார்னிஷ் பூசித் திரும்பப் பூட்டினார். "தண்ணில நின்ன வண்டிக்குச் சாவி போடாதீங்க சார், முதல்ல பேட்டரி ஒயரை எடுத்துடுங்க" என்று எனக்கு அவர் போனில் சொன்னது நினைவிருக்கிறது. என்ஜின் நின்றிருக்கும்போது ஒயரை எடுப்பதும், ஓடும்போது எடுப்பதும் வேறு வேறு என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நானும் 2025ல் கொழும்புக்குப் போனேன். மொத்தம் ஒன்பது நாள், அதில் யாழ்ப்பாணத்தில் இரண்டு நாள். மாப்பிள்ளையின் கார் டொயோட்டா அக்வா. ஜப்பானில் ஓடிய பிறகு அங்கே வந்த ஹைபிரிட் வண்டி. அதில் ஆல்டர்நேட்டரே கிடையாது. பெரிய ஹைபிரிட் பேட்டரியின் மின்சாரத்தைக் குறைத்துச் சின்ன பன்னிரண்டு வோல்ட் பேட்டரிக்குக் கொடுக்க ஒரு கன்வர்ட்டர் இருக்கிறது. இதில் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்து என்ன கேட்பது? நடுத்திரையில் ஜப்பான் எழுத்து. தெஹிவளைப் பக்கம் அவர் கொண்டுபோன கராஜில் தரை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. முதலில் ஸ்கேனர் செருகினார்கள். வேலைக்கு முன்னும் பின்னும் வோல்ட் எவ்வளவு என்று தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். அந்தத் தாள் எனக்குப் பிடித்திருந்தது. பாயிடம் அப்படி ஒன்று கேட்டால் சிகரெட் அட்டையின் பின்பக்கம்தான் கிடைக்கும்.

ஆனால் அங்கே பக்கத்து வண்டிக்கு நடந்ததையும் பார்த்தேன். ஹைபிரிட் இல்லாத, சாதாரண ஆல்டர்நேட்டர் உள்ள கார். ஸ்கேனரில் கோளாறு எண்ணைப் பார்த்தார்கள், வோல்ட் குறைவு. உடனே போன் போட்டு, பஞ்சிகாவத்தையிலிருந்து ஜப்பான் பழையது ஒன்றைத் தருவித்து முழுசாக மாற்றினார்கள். பஞ்சிகாவத்தை என்றால் கொழும்பின் புதுப்பேட்டை என்று வைத்துக்கொள்ளலாம். இறக்கிய ஆல்டர்நேட்டரை நான் கேட்டு வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தேன். பிரஷ் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். "பிரஷ் மாத்திறேல்லையோ?" என்று எனக்காக மாப்பிள்ளை கேட்டார். நேரம் மிச்சம், உத்தரவாதமும் உண்டு என்றார்கள். அதுவும் ஒரு நியாயம்தான். சாமான் எல்லாம் கப்பலில் வருகிற நாட்டில், முழுசாக வருவதை முழுசாக மாற்றுவது பழக்கமாகிவிடும். 2020 மார்ச்சில் அங்கே வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருஷமும் இருக்கிற வண்டியையே ஓட்டியாக வேண்டும் என்றிருந்தது. கைவேலை தெரிந்தவர்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள். நான் போன கராஜில் பார்க்கவில்லை.

சொற்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நமக்குப் பேட்டரி, அவர்களுக்குப் பற்றரி. நமக்கு லைட், அவர்களுக்கு லைற். நமக்கு மீட்டர், அவர்களுக்கு மீற்றர். முதலில் எழுத்துப் பிழை என்றே நினைத்தேன். மாப்பிள்ளை சொல்லக் கேட்டபோதுதான் புரிந்தது. அவர்கள் வாயில் ற்ற என்பது நுனிநாக்கில் பல்லின் வேருக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆங்கிலச் சொல்லில் உள்ள ஒலிக்கு அது நம் ட்டவைவிட நெருக்கம். நாம் பேச்சில் அந்த ஒலியைத் தொலைத்துவிட்டோம். நமக்கு விளக்கு எரிகிறது, அவர்களுக்குப் பத்துகிறது. தீப்பற்றுகிற பற்றுதான் அது. நாம் அணைக்கிறோம், அவர்கள் நூர்க்கிறார்கள். அது பழந்தமிழ்ச் சொல். நம் ஊரில் யாரும் பேசிக் கேட்டதில்லை. காரை அவர்கள் திருத்துகிறார்கள். நாமோ 'வண்டி ரிப்பேர்' என்று சொன்னால் கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம், 'ரிப்பேர் பண்ணணும்' என்றால் சரிசெய்ய வேண்டும் என்று அர்த்தம். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொல் தெளிவு.

அங்கே கைவினைஞரைப் பாஸ் என்கிறார்கள், மேசன் பாஸ் என்பதுபோல. டச்சுக்காரர் விட்டுப்போன சொல் அது. நம் மேஸ்திரி போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தவர். ஆனால் 'செல்ஃப் எடுக்கல' என்று நாம் சொல்வது மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. ஸ்டார்ட்டரைச் செல்ஃப் என்று சொன்னதும் மாப்பிள்ளை இரண்டு தரம் திருப்பிக் கேட்டார். 'லைன் வருதா பாரு', 'எர்த் அடிக்குது', 'பேட்டரி டவுன்' என்றெல்லாம் பாய் பேசுகிற பாஷை எனக்குத் தாய்மொழி மாதிரி. அதைக் கேட்டாலே வண்டி சரியாகிவிடும் என்று ஒரு தைரியம் வருகிறது.

கொக்குவில் வீட்டில்தான் என் பேச்சு கொஞ்சம் அடங்கியது. மாப்பிள்ளையின் அப்பா, எனக்குச் சம்பந்தி முறை, எண்பதை நெருங்குகிறவர். கொட்டகையில் ஒரு ஆஸ்டின் ஏ40 நிற்கிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் வராது, பற்றரியும் வராது. இந்த மாதிரிக் கார்களைக் கொஞ்சம் பெட்ரோல் காட்டி ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ரேடியோ கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பெடலைச் சுற்றி, அதன் டைனமோவில் கேட்டார்கள். "பற்றரி இல்லாத ஊரில சார்ச் ஏறுதோ எண்டு என்னத்தைப் பாக்கிறது, தம்பி? டைனமோ பாடுறதை வச்சுத்தான் பிடிக்கிறது" என்றார். காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்து எனக்குக் காட்டினார். முன்பக்கம் சாய்ந்து காதைக் கொடுத்து நின்றார். அசப்பில் பாய் நின்ற அதே நிலை. நான் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சிரித்தார்.

"உங்கட பாய் மாதிரித்தான், மாமா" என்றார்.

அதற்காக ஸ்கேனர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புதுக் கார்களில் ஆல்டர்நேட்டர் எப்போது ஏற்ற வேண்டும், எப்போது இறங்கி நிற்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரே தீர்மானிக்கிறது. மீட்டரில் 12.8 காட்டினால் கோளாறு என்று எண்ணி நல்ல ஆல்டர்நேட்டரைக் கழற்றிப் போடுகிறவர்கள் நம் ஊரிலும் உண்டு. அந்த வண்டிகளுக்கு மெஷின்தான் வழி. பி.எஸ். 6 புகை விதி வந்த 2020 ஏப்ரலுக்குப் பின் வாங்கிய வண்டி என்றால் பாய்கூட மகனைத்தான் கூப்பிடுகிறார். ஆனால் தி. நகர் உஸ்மான் சாலை நெரிசலில் ஏசியும் ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டு ஒரு மணி நேரம் ஊர்ந்தால், என்ஜின் ஐடிலில் ஆல்டர்நேட்டர் கொடுப்பது போதாமல் பேட்டரி எப்படிச் சோர்கிறது என்பதும், பெசன்ட் நகர் உப்புக்காற்றில் டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூக்கிற பொடி எத்தனை வோல்ட்டைத் தின்கிறது என்பதும் இந்த ஊர்க்காரருக்குத் தெரிந்த மாதிரி எந்தக் கோட் எண்ணுக்கும் தெரியாது. வெந்நீர் ஊற்றித் துடைத்து, கிரீஸ் தடவினால் பாதி வண்டிகளில் விளக்குக்கு வேலையே இருக்காது.

மாப்பிள்ளை திரும்பவும் போன மார்கழிக்கு வந்தார். இந்த முறை அவரே ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கு என்னைக் கூட்டிப்போனார். அப்பாவின் ஏ40 டைனமோவுக்குக் கார்பன் பிரஷ் வேண்டும் என்றார். மூன்றாவது கடையில் கிடைத்தது. நான்கு வாங்கிக்கொண்டார். என் ஆல்டர்நேட்டரில் பாய் வைத்த பிரஷ்ஷுக்கு இப்போது பதிமூன்று மாதம் ஆகிறது. நேற்றுக் காலை மீட்டர் வைத்துப் பார்த்தேன், 14.1.